ஐந்தரைக் கட்டையில் தொடங்கும் பாட்டு

சென்ற ஒக்டோபர் மாதம், பின்னேரம் தொடங்கிய இடிமழை இன்னும் முழுதாக ஓயாத ஒரு சனிக்கிழமை இரவு, கொழும்பு ஏழிலுள்ள சிறிய மண்டபமொன்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். மேடையில் ஒரு பியானோ, ஒரு டபிள் பேஸ், ஒரு டிரம்ஸ். வாசிக்கவிருந்த மூவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பழைய ஜாஸ் பாட்டுகளை, தாளக் கணக்கையும் சுருதி ஒழுங்கையும் கட்டவிழ்த்துவிடும் ஃப்ரீ ஜாஸ் முறையில் வாசிப்பார்கள் என்று மட்டும் அறிவித்திருந்தார்கள். அப்பாவுக்கு வயது 74. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் நாற்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டு வருபவர். தொடையில் தாளம் போடாமல் எந்த இசையையும் அவரால் கேட்க இயலாது. அன்று அவரை நான்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றிருந்தேன்.

பியானோ வாசிப்பவர் இருக்கையில் அமராமல், திறந்திருந்த பியானோவுக்குள் இடக்கையை விட்டு, ஒரு தந்தியை விரல் நுனியால் அழுத்திக்கொண்டு, வலக்கையால் அதே தந்திக்குரிய கட்டையை மெல்லத் தட்டத் தொடங்கினார். மூடிய கதவுக்கு அப்பாலிருந்து யாரோ தட்டுவதுபோன்ற அடங்கிய ஒலி ஒன்று வந்தது. பேஸ் வாசிப்பவர் வில்லைத் தந்தியின் மீது வைத்தும் வைக்காமலும் இழுத்தார். டிரம்ஸ் வாசிப்பவர் பிரஷினால் தோலை வட்டமாக வருடிக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கம் சாய்ந்து, "சுருதி சேர்க்கினமோ, பிள்ளை?" என்று கேட்டார். "இல்லையப்பா, தொடங்கீட்டினம்" என்றேன். அவருடைய கை தொடையில் தாளத்தைத் தேடியது, கிடைக்காமல் அப்படியே நின்றது.

எந்தப் பாட்டு என்று அந்த நேரத்தில் எனக்கும் தெரியவில்லை. மூன்று நிமிடம் போயிருக்கும். பியானோவின் தந்தியை அழுத்தியிருந்த விரல் எடுபட்டது. அதுவரை அடங்கிக் கிடந்த சுரம் திறந்து ஒலித்தது. ஏ-ஃப்ளாட். அது ஓயும்வரை மூவரும் காத்திருந்தார்கள். பிறகு டி-ஃப்ளாட், ஷட்ஜத்திலிருந்து (ச) சுத்த மத்தியமத்துக்குப் (ம) போவதுபோல ஒரே ஒரு தாவல். அந்த இரண்டு சுரங்களிலேயே எனக்குப் பாட்டு முழுவதும் வந்துவிட்டது: 'ஆல் த திங்ஸ் யூ ஆர்'.

இந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜெரோம் கெர்ன் இசையமைத்து, ஒஸ்கார் ஹாமர்ஸ்டைன் எழுதி, 1939 நவம்பரில் நியூயோர்க்கின் பிராட்வே மேடையில் 'வெரி வார்ம் ஃபோர் மே' என்ற இசை நாடகத்தில் வந்தது. நாடகம் தோற்றது, 59 காட்சிகளோடு நிறுத்தப்பட்டது. பாட்டு மட்டும் நாடகத்தை விட்டுப் பிரிந்து நடக்கத் தொடங்கி, ஜாஸ் கலைஞர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் போய்வரும் இடமாயிற்று. அதற்குக் காரணம் அதன் அமைப்பு. 36 பார் (நான்கு எண்ணிக்கை கொண்ட தாள அளவு) நீளமுள்ள அந்தப் பாட்டு ஏ-ஃப்ளாட், சி, ஈ-ஃப்ளாட், ஜி, ஈ என ஐந்து சுருதிகளில் காலூன்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. மெட்டுக்கு அடியில் நகரும் சுரக்கூட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், பெரும்பாலும் ஒரு ஒழுங்கில் செல்கின்றன: ஒவ்வொன்றின் மத்தியமமும் அடுத்ததன் ஷட்ஜமாகிறது. ஷட்ஜத்தை வேறொரு சுரத்துக்கு மாற்றி இன்னோர் இராகத்தைக் காட்டும் நம்முடைய கிரக பேதத்தை மேடையில் அருமையாக ஒருமுறை செய்துகாட்டினாலே சபை நிமிர்ந்து உட்காரும். கெர்னோ மூன்று நிமிடப் பாட்டுக்குள் அதைப் போன்ற இடமாற்றத்தைக் கேட்பவருக்குத் தெரியாமலேயே பலமுறை செய்துவிடுகிறார்.

அவற்றுள் ஓரிடம் என்னை இன்றும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பாட்டின் நடுப்பகுதி ஈ சுருதியில் முடியும்போது மெட்டு ஜி-ஷார்ப் என்ற சுரத்தில் நீண்டு நிற்கும். அடியிலுள்ள சுரக்கூட்டு மாறும். மெட்டு அசையாது. மாறி முடிந்ததும் அதே சுரத்திலிருந்து முதல் அடி மறுபடி தொடங்கும்; இப்போது அதன் பெயர் ஏ-ஃப்ளாட். பியானோவில் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டைதான். விரலை எடுக்காமலேயே வேறொரு வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறோம்.

ஸ்டாண்டர்ட் என்று ஜாஸ் உலகம் சொல்வது இத்தகைய பொதுச்சொத்தை. வழமையான முறையில் முதலில் மெட்டை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதன் சுரக்கூட்டு வரிசையை மட்டும் ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகச் சுற்றவிட்டு, அதன்மேல் ஒவ்வொருவரும் கற்பனை செய்வார்கள். கடைசியில் மெட்டு திரும்பும். கெர்னின் நாடகம் மேடையேறுவதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்பு, 1939 ஒக்டோபர் 11 ஆம் திகதி, அதே நியூயோர்க்கில் சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் 'பொடி அண்ட் சோல்' பாட்டைப் பதிவு செய்தபோது, மெட்டைத் தொடக்கத்தில் தொட்டுவிட்டு மற்றதெல்லாம் கற்பனையாகவே வாசித்தார். அது மக்களிடையே பெரும் வெற்றி பெற்றது என்பதை நினைக்கும்போது, அன்றைய கேட்போரின் காது எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று வியக்கிறேன். மெட்டை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள்.

அந்தச் சுற்றையும் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் ஃப்ரீ ஜாஸ் கேட்ட கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி முதன்முதலில் விளங்கியது 2022 மார்ச் மாத இறுதியில், மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை நீண்ட நாட்களில். இரவு பதினொரு மணி, காற்றில்லை, காலி வீதியில் வாகனச் சத்தமும் இல்லை. கைபேசியில் மிச்சமிருந்த மின்னில் 'சொனி மீட்ஸ் ஹாக்' என்ற ஆல்பத்தைக் காதுக்குள் ஒலிக்கவிட்டேன். 1963 ஜூலையில் பதிவானது. ஹாக்கின்ஸும், அவரைக் கேட்டு வளர்ந்த சொனி ரோலின்ஸும் சேர்ந்து கெர்னின் பாட்டை வாசிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் இரு சாக்ஸபோன்களும் இறங்கிவிடுகின்றன; எஞ்சுவது பியானோவில் போல் ப்ளே, பேஸில் பொப் கிரான்ஷா, டிரம்ஸில் ரோய் மக்கேர்டி. சில நிமிடங்களுக்கு அது ஒரு பியானோ மூவர் குழு.

கனடாவின் மொன்றியலில் பிறந்த ப்ளேக்கு அப்போது வயது 30. பேஸும் டிரம்ஸும் 36 பார் சுற்றை ஒழுங்காக நடத்திக்கொண்டிருக்க, அவருடைய வலக்கை சுற்றின் எல்லைகளைக் கடந்து போகிறது. ஒரு வாக்கியம் பாரின் முடிவில் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் அடுத்த சுருதிக்குள் நுழைந்து, அங்கே பொருந்தாத சுரமொன்றைத் தொட்டு, அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு இன்னும் நீள்கிறது. ஆனால் அவர் தொலைந்துபோகவில்லை. கெர்னின் ஐந்து சுருதிகளும் எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு கணமும் அறிந்தபடிதான் அவற்றைப் பிந்தியும் முந்தியும் கடக்கிறார். அந்த இருட்டில் நான் செய்தது ஒன்றே ஒன்று: மெட்டை மனத்துக்குள் விடாமல் பாடிக்கொண்டிருந்தேன். பாடிக்கொண்டிருந்தபோது அவர் வாசித்தவை எல்லாம் அதற்கு மறுமொழிகளாகக் கேட்டன. பாடுவதை நிறுத்திய கணத்தில் வெறும் சுரங்களாயின. மறுபடி பாடினேன், மறுபடி பேச்சு தொடங்கியது.

இந்த வகை இசையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஏறத்தாழ இதுதான். ஸ்டாண்டர்டைக் கட்டவிழ்த்து வாசிக்கும் மூவரும் பாட்டைத் தூக்கி எறிவதில்லை. அதைக் காக்கும் பொறுப்பில் ஒரு பங்கைக் கேட்பவரிடம் தருகிறார்கள். வழமையான வாசிப்பில் பேஸ் எண்ணிக்கையையும், இடக்கை சுரக்கூட்டையும் சுமக்கின்றன. நாம் சாய்ந்து அமரலாம். இங்கே அவை விடுபட்டுப் போகின்றன. யாராவது ஒருவர் பாட்டை நினைவில் வைத்திருக்க வேண்டும், அந்த ஒருவர் நாமாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு இதை நிரவலைக் காட்டி விளக்கலாம் என்று அழைத்துச் செல்லும்போது நினைத்திருந்தேன். சாகித்தியத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழும் இடத்தை மாற்றாமல், மெட்டை மட்டும் மேலும் மேலும் விரித்துச் செல்லும்போது, ரசிகர் மூல மெட்டையும் புதியதையும் ஒன்றாகத்தான் கேட்கிறார். அந்த அளவுக்கு ஒப்புமை சரியானது. ஆனால் நிரவலில் தாளம் அசையாது, இராகம் அசையாது, தம்புராவின் ஆதார சுருதி அசையவே அசையாது. இங்கே மூன்றும் அசைகின்றன. ஆகவே ஒப்புமையை அதற்குமேல் இழுக்கக் கூடாது. நம்முடைய இசையைப்போல இருப்பதால்தான் இதுவும் நல்லது என்று காட்ட முனைவது இரண்டு இசைக்கும் செய்யும் குறை.

ஃப்ரீ ஜாஸ் என்றதும் பழைய பாட்டுகளை வெறுத்தவர்கள் தொடங்கிய கலகம் என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1961 ஜூன் 25 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் விடுதியில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் வாசித்தபோது பேஸ் வாசித்த ஸ்கொட் லஃபாரோ, எண்ணிக்கை காட்டும் வேலையை விட்டுவிட்டு பியானோவோடு நேருக்கு நேர் உரையாடினார். அந்தப் பதிவில் குவளைகள் மோதும் ஒலியும் மேசைப் பேச்சும் கேட்கும். அடுத்த மாதம் 6 ஆம் திகதி, தமது 25 ஆவது வயதில் அவர் வீதி விபத்தில் இறந்தார். அன்று டிரம்ஸ் வாசித்த போல் மோஷன் 1963 இல் ப்ளேயோடும் கேரி பீகொக்கோடும் சேர்ந்து கெர்னின் இன்னொரு பாட்டான 'லோங் எகோ அண்ட் ஃபார் அவே'யைப் பதிவு செய்தார். அதே பீகொக் 1963 டிசம்பரில் எவன்ஸின் குழுவில் மென்மையான ஸ்டாண்டர்டுகளுக்குப் பேஸ் வாசித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பேர்ட் அய்லரோடு, தாள எண்ணிக்கையே அற்ற 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' ஆல்பத்தில் வாசித்தார். 1983 இல் பியானோவில் கீத் ஜாரெட், டிரம்ஸில் ஜாக் டிஜொனெட் ஆகியோருடன் மறுபடி ஸ்டாண்டர்டுகளுக்குத் திரும்பினார். அந்த மூவரின் முதல் தொகுதியிலும் 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' இருக்கிறது. ஒரே மனிதருடைய கைகள் மூன்று வீடுகளிலும் குடியிருந்தன.

பியானோ கலைஞர் செசில் டெய்லர் வேறு வழியாக வந்தார். 1962 நவம்பரில் கோப்பன்ஹேகனின் கஃபே மொன்மார்ட்டரில் அவர் 'வட்ஸ் நியூ' என்ற பழைய காதல் பாட்டை வாசித்த மூவர் குழுவில் பேஸே இல்லை: பியானோ, ஜிம்மி லயன்ஸின் சாக்ஸபோன், சனி மரேயின் டிரம்ஸ். மெட்டின் துண்டுகள் வெள்ளத்தில் அள்ளுண்டு வரும் மரக்கிளைகளைப்போல மேலெழுந்து மறைகின்றன. முதல் சில தடவைகள் எனக்கு அது மூச்சு முட்டுவதாகவே இருந்தது. இன்றும் அதை நான் அடிக்கடி கேட்பதில்லை. ஆனால் கேட்டு முடித்த பின்னர் வழமையான 'வட்ஸ் நியூ' எதைக் கேட்டாலும் அதன் துக்கம் எனக்கு முன்னைவிட ஆழமாகப் படுகிறது.

இந்த முறையில் வாசிப்பவை எல்லாம் சிறப்பானவை என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கத்தில் மெட்டு, நடுவில் எந்தப் பாட்டுக்கும் பொருந்தக்கூடிய கொந்தளிப்பு, கடைசியில் மறுபடி மெட்டு என்று அமைத்து விடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த நடுப்பகுதியை வெட்டி எடுத்து வேறொரு பாட்டின் நடுவில் ஒட்டினாலும் வேறுபாடு தெரியாது என்றால், அங்கே பாட்டு ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே பயன்பட்டிருக்கிறது. நல்ல வாசிப்பில், மிகத் தொலைவான சத்தத்தில்கூட இந்தப் பாட்டின் உடல் தெரிய வேண்டும். நான் இதைக் கறாராகவே எதிர்பார்க்கிறேன். பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழு 2021 இல் வெளியிட்ட 'அனீசி' ஆல்பத்தில் கோல் போர்ட்டரின் 'நைட் அண்ட் டே'யைக் கேளுங்கள்: லிண்டா மே ஹான் ஓவின் பேஸும் டைஷான் சோரியின் டிரம்ஸும் பாட்டை எத்தனை பக்கம் இழுத்தாலும், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் அந்த மெட்டின் பிடிவாதம் குலைவதில்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன் விஜய் ஐயர். 2009 இல் வெளிவந்த 'ஹிஸ்டோரிசிட்டி'யில், யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்த பாடகி எம்.ஐ.ஏ.யின் 'கலாங்' பாட்டை எடுத்துப் பியானோ மூவர் குழுவுக்காக மாற்றியிருந்தார். இன்றைய பாட்டு ஒன்று நாளைய ஸ்டாண்டர்டாக வளரும் வழி அப்படித்தான் திறக்கிறது. அதில் எங்களுடைய ஒரு குரலும் இருப்பதை நினைத்து நான் மிகவும் மகிழ்கிறேன்.

கொழும்புக்கும் ஜாஸ் புதிதல்ல. 1958 இல் டேவ் புரூபெக்கும் 1963 இல் டியூக் எலிங்டனும் அமெரிக்க அரசின் பண்பாட்டுப் பயணங்களில் இலங்கைக்கு வந்திருக்கிறார்கள். ஆயினும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் பியானோ என்பது பெரும்பாலும் லண்டன் பரீட்சைக்கான கருவி. கிரேட் ஐந்து, கிரேட் எட்டு என்று சான்றிதழ்களாக முடிவது. நானும் அப்படித்தான் படித்தேன். வெள்ளவத்தையில் ரீச்சரின் வீட்டு முன்னறையில், கடற்காற்றின் ஈரம் ஏறாதிருப்பதற்காகப் பியானோவின் பெட்டிக்குள் ஒரு சிறிய மின்குமிழ் இரவும் பகலும் எரிந்துகொண்டேயிருக்கும். மிதிகளுக்கு மேலேயுள்ள பலகையின் இடுக்கால் மஞ்சள் வெளிச்சக் கோடு ஒன்று தரையில் விழும். அவர் கனடாவுக்குப் போகும்போது அந்தப் பியானோவை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார், மின்குமிழை அணைக்கக் கூடாது என்ற ஒரே கட்டளையோடு. 2022 இல் அது நாட்கணக்காக அணைந்து கிடந்தது. சில கட்டைகள் அன்றிலிருந்து ஊதி, அழுத்தினால் எழும்ப மறுக்கின்றன. பியானோ திருத்துபவர் இரண்டு தடவை வந்து பார்த்தும் மழைக்காலத்தில் அவை பழையபடி இறுகிவிடுகின்றன.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். அந்த மூவரும் கெர்னின் பாட்டோடு ஏறத்தாழ இருபது நிமிடம் இருந்தார்கள். முதல் அடியின் நான்காம் சுரத் தாவலை பேஸ் எடுத்துக்கொண்டது. அதைக் கீழிறக்கி, அகலமாக்கி, ஒரு கட்டத்தில் இரண்டு சுரங்களுக்கும் நடுவே மெல்ல வழுக்கி, ஜாருபோல இழுத்தது. பியானோ நெடுநேரம் பேசாமல் இருந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த இருவர் எழுந்து வெளியே போனார்கள். கதவு திறந்தபோது மழைச்சத்தம் உள்ளே வந்தது, டிரம்ஸ் வாசிப்பவர் அதைக் கேட்டுப் பிரஷின் வேகத்தைத் தளர்த்தி அதோடு சேர்ந்துகொண்டார். பிறகு எங்கேயிருந்தோ வேகம் பிறந்தது. பியானோக்காரரின் இரு கைகளும் கட்டைகளின் இரு கோடிகளுக்கும் ஓடின. எண்ணிக்கை இல்லை, சுற்று இல்லை. நான் மனத்துக்குள் மெட்டை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன். நடுப்பகுதிக்குள் வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தக் கொந்தளிப்பின் உச்சியில் எல்லாம் ஒரே சுரத்துக்குள் வந்து நின்றது. ஜி-ஷார்ப். வலக்கையின் ஒரு விரல் மட்டும் அதைச் சீரற்ற இடைவெளிகளில் தட்டிக்கொண்டிருந்தது. பேஸ் வில்லால் அடியில் ஈ சுரத்தைப் பிடித்து, நெடுநேரம் வைத்திருந்து, மெதுவாக விட்டுவிட்டு சிக்குப் போய், அங்கிருந்து எஃப்புக்கு வந்தது. மேலே அதே கறுப்புக் கட்டைதான் ஒலித்துக்கொண்டிருந்தது.

அப்பா என் முழங்கையைத் தொட்டார். "பிள்ளை, அந்தச் சுரம் மாறேல்லை. ஆனா அது நிக்கிற இடம் மாறிப்போச்சு" என்றார். அவருக்கு கெர்னைத் தெரியாது. பாட்டின் பெயரைக்கூட நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாயெடுத்தபோது அந்தத் தாவல் மறுபடி வந்தது, இம்முறை எளிமையாக, முழு மெட்டாக, மூவரும் சேர்ந்து. "தொடக்கத்திலை வந்த ச–ம" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை தொடையில் அசையாமல் இருந்தது.

மறுநாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அந்தப் பாட்டை ஒருக்கா வாசி பார்ப்பம்" என்றார். எந்தச் சுருதி என்று கேட்டார், ஏ-ஃப்ளாட் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஐந்தரைக் கட்டை. உன்ர அம்மா பாடின சுருதி" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொடையில் கையை வைத்து ஆயத்தமானார். முதல் சுரம் ஒரு முழு பார், நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தக் கறுப்புக் கட்டையை அழுத்தினேன்.

இரவு முழுதும் பெய்த மழையின் ஈரத்தில் கட்டை கீழேயே நின்றுவிட்டது. விரலை எடுத்தேன், எழும்பவில்லை. கட்டை எழும்பாதவரை தந்தியை அடக்கும் கம்பளித் துண்டும் அதன்மேல் விழாது. ஆகவே சுரம் நான்கு எண்ணிக்கையைக் கடந்தும் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்பா நான்காவது எண்ணிக்கையில் கையை நிறுத்தி, அடுத்ததைப் போடாமல் என்னைப் பார்த்தார். நான் கட்டையைத் தூக்கிவிடவில்லை. சுரம் மெல்ல மெல்லத் தேய்ந்து காலி வீதியின் பஸ் சத்தத்தோடு கலக்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகுதான் டி-ஃப்ளாட்டைத் தொட்டேன்.